போர்த் தண்ணீரில் எண்ணெய்

பெண் பார்க்கப் போன வீட்டில், “பொண்ணு எண்ணெய்க் கம்பெனில வேலை செய்யுது” என்றார்கள். என் அம்மா சும்மா இருந்திருக்கலாம். “மல்லாட்ட எண்ணெய்ங்களா, நல்லெண்ணெய்ங்களா?” என்று கேட்டுவிட்டாள். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். திருவண்ணாமலையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் அதுதான் விளையும். எண்ணெய் என்றால் அதை ஆட்டி எடுப்பது, அவ்வளவுதான். பெண் வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்தான் வாயைத் திறந்தது. “ரெண்டும் இல்லைங்க. பூமிக்கு அடியில இருக்கிற எண்ணெய்.” அம்மா அசரவில்லை. “மல்லாட்டையும் பூமிக்கு அடியிலதானே காய்க்குது?” என்றாள். கையிலிருந்த காபித் தட்டு ஆடும் அளவுக்கு அந்தப் பெண் சிரித்தது. எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

அந்தப் பெண்தான் கஸ்தூரி. கல்யாணமாகி எத்தனையோ வருடம் ஓடிவிட்டது. இன்னும் சென்னையில் அதே எண்ணெய்க் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில்தான் வேலை. வாரம் முழுக்க அங்கே ஹாஸ்டல், சனிக்கிழமை பஸ் ஏறி இங்கே வீடு. நான் மணிவேல். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர் வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு டைப் அடிப்பேன், கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பேன். இந்த மாவட்டத்தில் யாருக்கு என்ன குறை என்பது கலெக்டருக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். யார் வீட்டில் யாருடைய பெயரைப் பத்திரிகையிலிருந்து எடுக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். இந்த இரண்டாவது சங்கதி தெரியாமலே இருந்திருக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

கஸ்தூரியின் வேலை இன்னதென்று எனக்கே புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. எங்கேயோ ஒரு கிணற்றில் கச்சா எண்ணெய் வருகிறது. அதை ஒரு சின்னக் குப்பியில் அடைத்து இவளுக்கு அனுப்புகிறார்கள். அது எங்கே பிறந்தது என்று இவள் சொல்ல வேண்டும். “கெணத்துலதானே பொறந்துது?” என்று நானும் கேட்டவன்தான். இல்லையாம். பல கோடி வருடங்களுக்கு முன்னால் செத்துப்போன பாசியும் இலையும் கடலடிச் சேற்றில் புதைந்து, சேறு பாறையாகி, பூமியின் சூட்டில் வெந்து எண்ணெயாகிறது. ஆனால் பிறந்த பாறையிலேயே அது இருப்பதில்லை. விரிசல் கண்ட பக்கமெல்லாம் நகர்ந்து போய், எங்கேயோ ஒரு மணற்பாறையில் தங்கிவிடுகிறது. நாம் துளை போட்டு எடுப்பது அது தங்கின இடத்தில். என் அம்மாவுக்கு இதை அவள் ஒரே மூச்சில் விளக்கினாள். “பொறந்த வீடு வேற, புகுந்த வீடு வேற, அத்தை. நான் எண்ணெயப் பாத்து அதோட பொறந்த வீடு எதுன்னு சொல்றேன்.” அம்மாவின் சந்தேகம் அன்றோடு தீர்ந்தது.

எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்றால், வெந்து எண்ணெயான பிறகும் அந்தப் பாசியின், இலையின் மூலக்கூறுகள் சில முழுதாகக் கலையாமல் உள்ளே கிடக்குமாம். மெஷினில் ஏற்றினால் ஒவ்வொன்றும் திரையில் ஒரு கோபுரமாக எழும்பும். எது உயரம், எது குட்டை என்று பார்த்து, பிறந்தது கடல் பாசியிலா, கரையோரத்து மரம் செடியிலா, எவ்வளவு பழசு, எவ்வளவு சூட்டில் வெந்தது எல்லாவற்றையும் படித்துவிடுவாள். பிறந்த இடமும் வந்த வழியும் தெரிந்துவிட்டால், அதே வழியில் இன்னும் எங்கே தங்கியிருக்கும் என்று கணிக்கலாம். அடுத்த துளையை அங்கே போடுவார்கள்.

முன்பு ஒருமுறை டெல்டாப் பக்கம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கிணறுகளில் கொஞ்சம் கொஞ்சம் எண்ணெய் கிடைத்தது. நடுவில் ஒன்று போட்டால் கொட்டும் என்று பெரிய அதிகாரிகள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கஸ்தூரி இரண்டு எண்ணெயையும் பார்த்துவிட்டு, இது ரெண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளை இல்லை, ஒன்று பாசியில் பிறந்தது, இன்னொன்று மரம் செடியில் பிறந்தது, நடுவில் போட்டால் ஒன்றும் கிடைக்காது, இரண்டாவது வந்த வழி கிழக்கே இருக்கிறது, அங்கே போடுங்கள் என்றாள். போட்டார்கள். வந்தது. ஆபீஸில் எல்லோருக்கும் லட்டு. அவளையும் ஜீப்பில் கூட்டிப் போய் இடத்தைக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்தவள் லட்டைத் தொடவில்லை. அந்த இடத்துக்கு அடுத்த வரப்பில் ஒருவர் நின்று, அந்த ராட்சத இயந்திரத்தையும் தன் நாற்றங்காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். “நான் சொன்னதாலதான் அது அங்க வந்து நின்னுச்சுங்க. அந்தாளுக்கு அது தெரியவே தெரியாது” என்றாள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை வாங்குவது பெரும்பாடு. எதைக் கேட்டாலும், “பாத்துட்டுச் சொல்றேன்” என்பாள். கல்யாணத்துக்கு எந்தப் புடவை என்று கேட்டாலும் அதே பதில்தான்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு முறை பார்க்காமல் சொன்னாள். அது பலராமன் நிலத்தில்.

பலராமன் என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. அடி அண்ணாமலைக்கு அந்தப் பக்கம் நிலம். சம்பங்கி போட்டிருக்கிறான். நிலத்திலேயே வீடு. அவன் மனைவி பாஞ்சாலை கிரிவலப் பாதையில் இருக்கும் ஒரு சின்ன அம்மன் கோயிலுக்குக் கூட்டித் துடைப்பவள். கோயில் வாசலிலேயே அகல்விளக்குக் கடையும் போட்டிருக்கிறாள். பௌர்ணமி வந்தால் தலை நிமிர நேரம் இருக்காது, கார்த்திகை தீபம் என்றால் சோறு தண்ணீர் கிடையாது. பக்கத்து மனையில் பலராமனின் தம்பி அன்பரசன். டிராக்டர், ஜேசிபி ரிப்பேர் பார்க்கும் ஷெட் வைத்திருக்கிறான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி கிடையாது. ஒரே போர், ஒரே டேங்க், இரண்டு வீட்டுக்கும் அந்தத் தண்ணீர்தான். பலராமனுக்குப் பிள்ளை இல்லை. அன்பரசன் பெண் எழில் தூங்கி எழுந்தது, சோறு தின்றது, அடம் பிடித்தது எல்லாம் பெரியப்பா வீட்டில்தான். தை மாதம் எழிலுக்குக் கல்யாணம்.

தீபம் முடிந்து நல்ல மழை பிடித்து விட்டது. மார்கழி பிறந்த சமயம், பலராமன் ஒரு பாட்டிலில் தண்ணீரைக் கொண்டுவந்து என் கடை மேஜையில் வைத்தான். மேலே மஞ்சளாக ஒரு படலம் மிதந்தது. வெளிச்சத்தில் காட்டினால் வானவில் மாதிரி நிறம் காட்டியது.

“மணிவேலு, எம்மூட்டு போர்ல பெட்ரோல் வருதுடா.”

கடையில் நின்றவர்கள் காதில் அது விழுந்தது, ஒருவன் போனில் படமும் பிடித்துவிட்டான். அவ்வளவுதான். சாயந்திரத்துக்குள் வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. ஒருவன் பலராமனைக் கோடீஸ்வரன் என்றான். இன்னொருவன், கவர்மெண்டு வந்து நிலத்தை எடுத்துக்கொள்ளும், ஒரு பிடி மண்கூட மிஞ்சாது என்றான். எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவதற்கு எங்கள் ஊரில் ஆள் பஞ்சமே இல்லை. பலராமன் முதல் ஆள் சொன்னதை நம்பவில்லை, இரண்டாவது ஆள் சொன்னதை நம்பிவிட்டான். சனிக்கிழமை கஸ்தூரி வந்து இறங்கியதும் இறங்காததுமாக வீட்டு வாசலில் வந்து நின்றான். கண் சிவந்து கிடந்தது.

“கஸ்தூரிம்மா, நெலத்த எடுத்துக்குவாங்களா?”

ஸ்கூட்டரில் மூவரும் அவன் நிலத்துக்குப் போனோம். கஸ்தூரி போருக்குப் பக்கத்தில் கொட்டிக் கிடந்த கல்தூளைக் கையில் அள்ளிப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

“அண்ணா, இது கருங்கல்லு. எவ்ளோ ஆழம் போனாலும் கல்லுதான். இதுல பெட்ரோல் பொறக்கவே பொறக்காது. யாராச்சும் மேலருந்து ஊத்தியிருப்பாங்க.”

பலராமன் அப்படியே வரப்பில் உட்கார்ந்து, “அப்பாடா” என்றான். மலையைப் பார்த்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையை இறக்கும்போதுதான் அவள் கடைசியாகச் சொன்னது மனசில் ஏறியிருக்க வேண்டும். மெல்லத் தலையைத் திருப்பினான். அந்தப் பக்கம் அன்பரசனின் ஷெட். வாசலில் இரண்டு டீசல் பேரல்.

கஸ்தூரி அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று பலராமன் பாட்டிலை முகர்ந்து பார்த்து, “டீசல்தான்” என்றான். அக்கம்பக்கத்திலிருந்து வந்த ஒருவர் முகர்ந்து, “டீசலேதான்” என்றார். என்னிடம் நீட்டினான். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. இரண்டு பேர் சொன்ன பிறகு நான் மட்டும் மூக்கு இல்லாதவன் ஆவானேன் என்று, “அப்படித்தான் இருக்குது” என்று சொல்லிவைத்தேன்.

அடுத்த வாரம் அந்த இரண்டு வீட்டிலும் நடந்ததை விவரமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஷெட் கழிவெல்லாம் என் தண்ணீரில் வந்து சேருகிறது என்றான் அண்ணன். “டீசல் விக்கிற வெலைக்கு உன் போர்ல ஊத்த எனக்கு இன்னா பைத்தியமா?” என்றான் தம்பி. பேச்சு ஏறிக்கொண்டே போய், “நீ என் தம்பியே இல்லடா” என்று பலராமன் சொல்லிவிட்டான். பாஞ்சாலை நடுவில் நின்று அழுதிருக்கிறாள். அன்று மாலையே டேங்கிலிருந்து தம்பி வீட்டுக்குப் போகும் குழாயை அடைத்தாகிவிட்டது.

மறுநாள் பலராமன் என் கடைக்கு வந்து, ஷெட்டை மூடச் சொல்லி மனு அடிக்கச் சொன்னான். பிரிண்டரில் மை இல்லை என்றேன். அவன் போன கொஞ்ச நேரத்தில் அன்பரசன் வந்தான். எழில் கல்யாணப் பத்திரிகைக்கு மேட்டர். வாங்கிப் படித்தேன். எங்கள் பக்கத்தில் பெண்ணின் தாத்தா காலமாகிவிட்டால், குடும்பத்தில் மூத்தவர் பெயரில்தான் அழைப்பு இருக்க வேண்டும். பெரியப்பா, பெரியம்மா பெயர்தான் முதலில் வரும். அதில் பலராமன் பெயரும் இல்லை, பாஞ்சாலை பெயரும் இல்லை.

“அன்பு, மேல ஒரு வரி வுட்டுட்ட போலக்கீது” என்றேன்.

“வுடல. அவருதான் தம்பி இல்லன்னுட்டாரே. அப்புறம் எழிலு மட்டும் யாரு?”

மார்கழியில் யாரும் பத்திரிகை வைக்க மாட்டார்கள். அச்சடித்துத் தயாராக வைத்துக்கொண்டு, தை பிறந்ததும் கொடுக்க ஆரம்பிப்பார்கள். ஒருமுறை வெளியே போய்விட்டால் முடிந்தது கதை. மாப்பிள்ளை வீடு கேட்கும், சொந்தம் முழுக்கக் கேட்கும். எத்தனை வருடம் போனாலும் அந்த விட்டுப்போன வரியை யாரும் மறக்க மாட்டார்கள். பெயரை எடுத்த பத்திரிகைகளை நான் எத்தனையோ அடித்திருக்கிறேன். திரும்பச் சேர்ந்த குடும்பம் ஒன்றைக்கூட இன்னும் பார்க்கவில்லை. “மெஷின் ரிப்பேர், அன்பு” என்றேன். இதைச் சொல்லிக்கொண்டே எத்தனை நாள் ஓட்டுவது என்று எனக்கே தெரியவில்லை.

போனில் இதையெல்லாம் கஸ்தூரியிடம் சொன்னேன். “மெஷின்ல பாக்காம சொன்னேங்க. என் வாய்தான் அந்தப் பத்திரிகையில பேர எடுத்துச்சு” என்றாள். நான் சொன்ன சமாதானம் எதுவும் எடுபடவில்லை.

சனிக்கிழமை வந்ததும் கண்ணாடிக் குப்பிகளோடு கிளம்பினாள். பிளாஸ்டிக் ஆகாதாம், அதிலிருந்தும் எண்ணெய்ச் சத்து இறங்குமாம். மூடிக்கு அடியில் அலுமினியத் தாள் வைத்து, போர்த் தண்ணீரின் மேல் படலத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஷெட்டுக்குப் போய், பேரலில் இருக்கும் டீசலிலும் பழைய இன்ஜின் ஆயிலிலும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டாள். அன்பரசன் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“எடுத்துக்குங்க அண்ணி. அப்படியே என் ரத்தத்தையும் ஒரு குப்பி எடுத்துக்குங்க.”

அவள் இரண்டையும் குப்பியில் எடுத்துக்கொண்டு வந்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து குப்பிகளை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். “டீசலா இருந்தா இன்னாங்க பண்றது?” என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். எனக்கும் அந்தப் பயம்தான். டீசல் என்று ஆகிவிட்டால் பொய் சொல்ல அவளுக்கு வராது. உண்மையைச் சொன்னால் ஷெட்டும் போகும், எழிலுக்குப் பெரியப்பாவும் இருக்க மாட்டான்.

சொந்த வேலைக்கு மெஷினைத் தொட மேலதிகாரியின் அனுமதி வேண்டும். கேட்டிருக்கிறாள். அவர், “திருவண்ணாமலைல கெடச்சா மொதல்ல என்கிட்டச் சொல்லுங்க” என்று சிரித்துக்கொண்டே சம்மதித்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, கடையில் கூட்டமாக இருந்த ஒரு மத்தியானம் போன் வந்தது.

“டீசல் இல்லைங்க.”

கையிலிருந்த ஜெராக்ஸ் கட்டைக் கீழே போட்டுவிட்டேன். அவள் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். டீசல் என்றால் கோபுரங்கள் சீப்புப் பல்லு மாதிரி வரிசையாக எழும்பும். அன்பரசன் பேரலில் எடுத்தது அப்படித்தான் எழும்பியது. போரில் எடுத்ததில் ஒரு பல்லுகூட இல்லை. பாதி, செடியிலிருந்து வருகிற எண்ணெய், தவிட்டு எண்ணெயும் கொஞ்சம் பாமாயிலும். மீதிப் பாதி பூமியிலிருந்து எடுத்ததுதான், ஆனால் நன்றாகச் சுத்தம் செய்து நிறமும் வாடையும் எடுத்துவிட்ட பாரஃபின்.

“அது மட்டும் இல்லைங்க. ஆரம்பத்துலயே ஒத்தையா ஒரு கோபுரம் நெட்டுக்கு எழும்புது. மெஷினு அதைக் கற்பூரம்ங்குது.”

“உங்க ஆபீஸ்ல யாராச்சும் பூஜை போட்டாங்களா?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். குப்பியெல்லாம் மாத்தித் திரும்ப ஓட்டினேன். திரும்பவும் கற்பூரம். பெட்ரோலுக்கு யாருங்க கற்பூரம் காட்டுறாங்க? இது மூணும் சேந்து எங்க இருக்கும்?”

சென்னையில் உட்கார்ந்துகொண்டு கேட்டால் அது கஷ்டமான கேள்விதான். நான் திருவண்ணாமலையில் நின்றுகொண்டிருந்தேன். எதிரில் பூஜைச் சாமான் கடை. வாசலில் அடுக்கடுக்காக மஞ்சள் பாட்டில்.

“விளக்கு எண்ணெய்” என்றேன்.

“விளக்கெண்ணெயா? ஆமணக்கு இதுல இல்லைங்க.”

“அய்யோ, அது இல்ல கஸ்தூரி. தீபம் ஏத்துற எண்ணெய். பாட்டில்ல விக்குதே, சாமிக்கு மட்டும், சமையலுக்கு ஆகாதுன்னு போட்டு, அது. கற்பூரமும் அங்கதானே கொளுத்துறாங்க.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று போனில் தெரியவில்லை.

சனிக்கிழமை வந்தபோது ஒரு முடிவோடு வந்திருந்தாள். டீசல் இல்லை, தீப எண்ணெய் என்று சொல்வாள். யார் ஊற்றியது என்று மட்டும் அவள் பேச மாட்டாள். “இன்னொரு தடவ யாரு பக்கமும் தலை திரும்பக் கூடாது” என்றாள். பலராமன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். பாஞ்சாலை டீ போட உள்ளே போனாள். கஸ்தூரி டீசலின் படத்தையும் போரின் படத்தையும் போனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். படிக்கத் தெரியாதவனுக்கும் இரண்டும் வேறு என்று தெரிந்தது.

“அப்ப இது இன்னாது?” என்றான் பலராமன்.

“தீபத்துக்கு ஊத்துற எண்ணெய், அண்ணா.”

உள்ளேயிருந்து டம்ளர்களோடு வந்த பாஞ்சாலை நின்றாள்.

“தீப எண்ணெயா? அத நான்தானே ஊத்துனேன்.”

பாஞ்சாலைக்கு எங்கள் முகங்களைப் பார்த்து ஒன்றும் விளங்கவில்லை. டம்ளரை எங்கள் கையில் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். தீபத்தன்று ஜனங்கள் கோயில் மேடையில் ஊற்றி ஊற்றி ஏற்றும் எண்ணெய், தட்டெல்லாம் வழிந்து தேங்கி நிற்கும். வருஷா வருஷம் ஒரு சோப்புக்காரன் வந்து வாங்கிப் போவான். இந்த வருஷம் அவன் வரவில்லை. பெயிண்ட் பக்கெட் பக்கெட்டாகச் சேர்ந்துவிட்டது.

“சாமி முன்னாடி எரிஞ்ச எண்ணெய். சாக்கடையில ஊத்த முடியுமா? ரோட்டோரம் ஊத்துனா ஜனம் மிதிச்சிக்கினு போவும். கால் படாத எடமா பாத்து, நம்ம நெலத்துக் கோடியில தண்ணி வத்திப் போன பழைய போர் இருக்குதே, அதுல ஊத்தி மூடி வெச்சேன்.”

“ஏன்டி, இவ்ளோ நாளு இதச் சொல்லல?” என்று கத்தினான் பலராமன்.

“யாரு கேட்டா? மொதல்ல பெட்ரோல்னீங்க. அப்புறம் டீசல்னீங்க. எண்ணெய்னு ஒரு வார்த்தை யாராச்சும் சொன்னீங்களா? நான் ஊத்துனது அந்தப் போரு, வந்தது இந்தப் போரு. மூணு ஆம்பளைங்க மோந்து பாத்துட்டு டீசல்னு சத்தியம் பண்ணா, நான் இன்னாத்த கண்டேன்?”

அந்த மூன்று ஆம்பளைகளில் ஒருவன் டீயைக் குடிப்பதில் மும்முரமாக இருந்தான்.

கஸ்தூரிதான் விளக்கினாள். அந்தப் பாட்டில் எண்ணெயில் பாதி செடியிலிருந்து வருவது, மீதிப் பாதி பெட்ரோல் எடுக்கிற அதே கச்சா எண்ணெயிலிருந்து வருவது. கருங்கல்லிலும் விரிசல் ஓடும். மழைக்குத் தண்ணீர் மட்டம் ஏறியதும், பழைய போரில் கிடந்த எண்ணெயும் மேலே மிதந்து வந்து, விரிசல் வழியாகப் புதுப் போருக்கு நகர்ந்துவிட்டது. இரண்டு போரையும் கம்ப்ரெசர் வைத்து ஊதி எடுத்தால் சரியாகிவிடும், அதுவரைக்கும் குடிக்க வேண்டாம். பாஞ்சாலை கேட்டுக்கொண்டே வந்தவள், பாதியில் பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள்.

“அப்ப என்னாலதான் ரெண்டு பேரும் அடிச்சிக்கினாங்களா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கஸ்தூரியைப் பார்த்தாள். “பாதி பெட்ரோலுன்னியே, நெசமாவா? அதையா நான் இத்தனை வருஷம் அம்மன் முன்னாடி ஏத்திக்கினு இருந்தேன்?”

கஸ்தூரி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “அதுவும் செடிதான்கா. பாசியும் இலையுமா இருந்ததுதான். மனுசன் பொறக்கறதுக்கு முன்னாடி, மல்லாட்டயெல்லாம் மொளைக்கிறதுக்கு முன்னாடி இருந்த செடி. ரொம்ப நாளு பூமிக்குள்ள இருந்துட்டு வந்து எரியுது.”

பாஞ்சாலை கொஞ்ச நேரம் அதை யோசித்தாள். “செடிதான்னா சரி” என்றாள்.

பலராமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வாரமாகச் சிரிக்காதவன். முதலில் தோள் குலுங்கியது, பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது, அப்புறம் அது சிரிப்பு மாதிரியே இல்லை. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தான். செருப்புக்கூடப் போடாமல் ஷெட்டைப் பார்த்து நடந்தான். நாங்களும் பின்னாலேயே போனோம்.

ஜேசிபிக்கு அடியிலிருந்து அன்பரசனின் கால்கள் மட்டும் தெரிந்தன. பலராமன் அந்தக் கால்களிடம் பேசினான்.

“அன்பு. டீசல் இல்லியாம்டா.”

கால்கள் அசையவில்லை. “இதத்தானே நான் அன்னிக்குச் சொன்னேன்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பாஞ்சாலை கணவனைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். “டேய் அன்பு, வெளிய வாடா. ஊத்துனவ நானு. கோயில் எண்ணெய். திட்டறதா இருந்தா என்னையத் திட்டு, உங்க அண்ணன வுட்டுடு.”

அன்பரசன் சறுக்கிக்கொண்டு வெளியே வந்தான். முகமெல்லாம் கிரீஸ். அண்ணியைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். அண்ணியைத் திட்டிப் பழக்கமில்லாதவன். என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“கோவத்துல பேசிட்டேன்டா” என்றான் பலராமன். தம்பியின் தோளில் கையை வைத்தான். கையெல்லாம் கிரீஸ் ஒட்டியது. அன்பரசன் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. குனிந்தபடியே, “எழிலு ரெண்டு வாரமா எங்ககிட்டப் பேசறதில்ல. பெரியப்பாகிட்டப் போய்ப் பேசுன்னு சோறு துண்ணாம கெடக்குது” என்றான்.

சொல்லி முடிக்கும்போதே அவன் முகம் மாறியது. கிரீஸுக்கு அடியில் வெளுத்துப்போனது எனக்கே தெரிந்தது. சட்டென்று என் பக்கம் திரும்பினான்.

“மணிவேலண்ணா. பத்திரிகை... அடிச்சிட்டியா?”

“மெஷின் இன்னும் ரிப்பேர்தான்” என்றேன்.

அன்பரசன் கண்ணை மூடிக்கொண்டான். ஜேசிபியின் டயரில் அப்படியே சாய்ந்து, பெரிதாக மூச்சை விட்டான். இத்தனை நாள் நான் அடக்கி வைத்திருந்த மூச்சும் அப்போதுதான் வெளியே வந்தது. என் ஆயுசில் சொன்ன பொய்களில் இவ்வளவு நிம்மதி தந்தது வேறு எதுவும் கிடையாது.

“எந்தப் பத்திரிகை?” என்று கேட்டான் பலராமன். பெயர் விட்டுப்போன சங்கதி அவனுக்குத் தெரியாது. “எழிலுதா? அதுக்கு இன்னா?”

அன்பரசன் தரையைப் பார்த்தான். கஸ்தூரி என்னைப் பார்த்தாள். எது எங்கிருந்து வந்தது என்று சொல்வதுதான் அவள் பிழைப்பே. வாயை மட்டும் அவள் திறக்கவில்லை.

“ஒண்ணும் இல்லடா” என்றேன் நான். “மேல உன் பேரு வருதுல்ல. எழுத்தச் சின்னதா போடறதா, பெருசா போடறதான்னு தம்பிக்குச் சந்தேகம். அதான் நிறுத்தி வெச்சிருக்கேன்.”

பலராமன் தம்பியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நம்பினானா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

“பெருசாவே போடு” என்றான். “பாஞ்சாலை பேரையும் சேத்து.”